நான் எழுதாமல் விட்ட பெயர்

ஒரு மனிதரை நற்கருணைப் பந்தியிலிருந்து திருப்பி அனுப்பினேன். நான்தான் செய்தேன்! அதற்காக ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யையும் பீடத்துக்கு முன்னால் நின்று, சபை முழுவதும் கேட்கும்படி சொன்னேன். காரணம் பொறாமை. வேறு ஒரு காரணமும் கிடையாது.

கிரேஸ்... ஜான்சன்... இதை நீங்கள் இரண்டு பேரும் படிக்கத்தான் எழுதுகிறேன். எனக்குப் பெரிய படிப்பு இல்லை, பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியிருக்கும் விஷயத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

போன வாரம், கிரேஸ், நீ ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். "மகாபலிபுரம் போற வழியில நம்ம கோயிலுக்கு நிறைய பேர் வர ஆரம்பிச்சிட்டாங்கப்பா. புதுசா வர்றவங்களுக்கு இங்க என்னென்ன நடக்கும்னு ஒரு பக்கம் எழுதிக் கேட்டாரு போதகர். வாசல்ல இத்தனை வருஷமா நிக்கிறது நீங்கதானே? உங்களுக்குத் தெரியாததா?" என்றாய்.

எனக்குத் தெரியாததா... உட்கார்ந்து எழுதினேன். நன்றாகத்தான் வந்தது.

செருப்பை வேப்பமரத்தடியில் விடலாம். யாரும் எடுக்க மாட்டார்கள், எப்போதாவது நாய் ஒன்றை இழுத்துப் போகும். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒன்றும் சொல்ல மாட்டோம், திரும்பித் திரும்பிப் பார்ப்போம், அவ்வளவுதான். பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்து நானே கையில் கொடுப்பேன். எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று தெரியாவிட்டால் மீன் விற்கிற செல்லம்மா அக்காவைப் பார்த்துக்கொண்டால் போதும். எல்லோருக்கும் முந்தி அவள் எழுந்துவிடுவாள். ஆரம்பத்திலேயே எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். அறிவிப்பு நேரத்தில் புதியவர்களை முன்படியில் ஏற்றி, பேரும் ஊரும் கேட்போம். பாட வருமென்றால் ஒரு பாட்டு. முடிந்ததும் டீயும் பொறையும்.

அதற்கு அடுத்த வரியை ஆரம்பித்தேன். 'வேறு சபையிலிருந்து வருகிறவர்கள் நற்கருணை எடுக்க விரும்பினால்...'

அங்கே பேனா நின்றுவிட்டது. இரண்டு நாள் நின்றது. பிறகு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு இதை எடுத்தேன்.

பெரிய ஊர்க் கோயில்களில் அப்பமும் ரசமும் கொடுக்கிற பந்தி நேரம் வந்தால் எல்லோரும் வரிசையாக எழுந்து போகிறார்கள். நம்முடையது முப்பது வீட்டுச் சபை. இங்கே முறை வேறு. மாதத்தின் முதல் ஞாயிறும் ஈஸ்டரும் பந்தி நாள். அன்று இரண்டாம் மணி அடிப்பதற்குள் என்னிடம் பேர் கொடுக்க வேண்டும். நான் நீல அட்டை நோட்டில் வீடு வீடாக எழுதுவேன். பிரசங்கம் முடிந்ததும் போதகர் அதைப் பார்த்துப் பேர் பேராக வாசிப்பார். பேர் வாசிக்கப்பட்டவர்கள் பீடத்தண்டை போய் முழங்காலில் நிற்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் தங்கள் பழைய சபையிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவர வேண்டும். அந்தக் கடிதத்தைப் போதகர் பார்த்த பிறகுதான் அவர்கள் பேர் நோட்டில் ஏறும்.

பேர் இல்லை என்றால்? ஒன்று, நீங்கள் கொடுக்க மறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ தப்பு செய்து, சபை உங்களைத் தள்ளி வைத்திருக்க வேண்டும். நம் சனங்கள் முதலாவதை எப்போதும் நம்புவதில்லை!

எட்வின் சார் வந்தது தொண்ணூற்றாறில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு. கிரேஸ், நீ மூன்றாம் வகுப்பு. ஜான்சனுக்கு நடக்க வந்திருந்தது, அவ்வளவுதான். கல்பாக்கத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. மாயவரத்துப் பக்கம். அவரும் அவர் மனைவியும் மட்டும், பிள்ளை இல்லை. ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தவரை வாசலில் வரவேற்றது நான்தான். பக்கத்தை எடுத்துப் புத்தகத்தைக் கொடுத்தேன். "இந்தப் பாட்டு எனக்குத் தெரியும்ணே, புத்தகம் வேணாம்" என்று சிரித்தார். அப்போது எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சத்தியமாகப் பிடித்திருந்தது!

படியில் ஏறிப் பேரும் ஊரும் சொன்னார். பாடச் சொன்னோம். பாடினார்.

நான் என்ன சொல்ல... நம் ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை ஊமை. அதை வாசிக்கிறவரும் அன்று கையை எடுத்துவிட்டார். அந்தக் குரலுக்குத் துணை வேண்டியிருக்கவில்லை. செல்லம்மா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உங்கள் அம்மா என் பக்கம் திரும்பி, 'யார் இவர்?' என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள். உங்கள் அம்மா என்னைப் பார்த்து அப்படி ஒரு நாளும் புருவத்தைத் தூக்கியதில்லை.

அது முதல் முள்.

நான் யார் அந்தக் கோயிலில்? வார நாட்களில் புதுப்பட்டினம் பஜாரில் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கிறவன். "ஏ, மோசஸு, அந்தப் பெயின்ட் டப்பாவ எட்றா" என்று முதலாளி மகன், என்னைவிடப் பத்து வயது இளையவன், கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் நான் வேறு ஆள். வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நிற்பேன். டவுன்ஷிப் பெரிய மனிதர்கள்கூட என்னைப் பார்த்து, "எங்க உக்காரலாம் பிரதர்?" என்று கேட்பார்கள். வேதாகமத்திலிருந்து அன்றைய நிருபப் பகுதியையும் நானே வாசிப்பேன். அதில் வரும் கிரேக்கப் பெயர்களில் தடுக்கி விழுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்ததில்லை. வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

ஒரு மாதம் கழித்துப் போதகர், "இன்னைக்கு எட்வின் சார் வாசிக்கட்டும், மோசஸ்" என்றார். அவர் வாசித்தார். ஒரு பெயரிலும் தடுக்கவில்லை!

வீட்டுக்கு நடந்து வரும்போது, கிரேஸ், நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "அப்பா, அந்த அங்கிள் படிச்சா கதை மாதிரி கீதுப்பா. நீ படிச்சா பாடம் மாதிரி கீது."

உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அம்மா. நீ குழந்தை. ஆனால் அந்த வாக்கியம் எங்கே போய் உட்கார்ந்தது தெரியுமா? இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

பிறகு எல்லாமே என் கண்ணில் பட ஆரம்பித்தது. அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் பிள்ளைகள் என்னைத் தாண்டி ஓடினார்கள். ஆராதனை முடிந்ததும் அவர் உனக்கு ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். நீ வேப்பமரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாய். உங்கள் அம்மா வஞ்சிரம் வாங்கிய நாளெல்லாம் குழம்பில் ஒரு கிண்ணம் அவர்கள் வீட்டுக்குப் போனது. "பாவம், அந்தம்மாவுக்கு இங்க யாரையும் தெரியாது" என்பாள். கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்! கொடுத்துவிட்டு, சிரித்துவிட்டு, சைக்கிளில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவனும் நான்.

அவர் எனக்கு என்ன தீங்கு செய்தார்? ஒன்றுமில்லை. எத்தனை முறை தேடிப் பார்த்திருக்கிறேன்! ஒரு இளக்காரமான பார்வை, ஒரு அலட்சியமான சொல்... ஏதாவது ஒன்று கிடைத்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! கிடைக்கவே இல்லை. "அண்ணே, அண்ணே" என்றுதான் சுற்றி வந்தார்.

ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போது போதகர் சொன்னார்: "வெளியூர்க்காரங்க நிறைய வர்றாங்க, மோசஸ். எட்வின் சாருக்கு இங்கிலீஷும் வருது. ஈஸ்டர்லேர்ந்து அவரும் உங்ககூட வாசல்ல நிக்கட்டும். உங்களுக்கும் ஒத்தாசை."

ஒத்தாசை!

செல்லம்மா அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாபா மோசசு, ஒன் வேலய புச்சா வந்தவரு புட்சிகினாரே! இனிமே நீ எங்க நிப்ப, செருப்பாண்டயா?" என்று சிரித்தாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த நிமிடம் அந்த ஆள் செத்துப்போனால்கூட நல்லது என்று நினைத்தேன். கோயில் வாசலில் நின்றுகொண்டு நினைத்தேன்!

மறு ஞாயிறு போதகர் வேறு சபைக்குப் போயிருந்தார். மூன்று கோயிலுக்கு அவர் ஒருவர்தானே. எட்வின் சார் என்னிடம் ஒரு பழுப்புக் கவரை நீட்டினார். "ஊர்லேர்ந்து லெட்டர் வந்துடுச்சுண்ணே. ஐயா வந்ததும் குடுத்துடுங்க. ஈஸ்டர் பந்திக்கு எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதிக்கங்க. மூணு மாசமாச்சு... இவளுக்கு அதே ஏக்கம்."

"ஆகட்டும் சார்" என்றேன்.

கவர் ஒட்டியிருக்கவில்லை. கடையில் வைத்துப் படித்தேன். இவர் எங்கள் சபையின் பாடகர், இவரை அனுப்ப எங்களுக்கு மனமில்லை, உங்கள் சபைக்கு இவர் ஆசீர்வாதமாக இருப்பார் என்று அந்த ஊர்ப் போதகர் எழுதியிருந்தார். என்னைப் பற்றி எந்தச் சபையாவது அப்படி ஒரு வரி எழுதுமா? நான் இந்த ஊரைவிட்டுப் போனால், 'இவர் நன்றாக வாசலில் நின்றார்' என்று எழுதுவார்களோ?

கடிதத்தைக் கொடுக்காமல் இருந்துவிடலாம் என்று முதலில் நினைக்கவில்லை. நாளைக்குக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். நாளை... நாளை மறுநாள்... இப்படித்தான் போனது. தப்பு செய்கிறோம் என்று தெரியாமல் நாள் கடத்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் தெரிந்தது.

ஈஸ்டர் காலை. நோட்டில் எல்லா வீட்டையும் எழுதினேன். நம் வீட்டையும் எழுதினேன். அவர்களை எழுதவில்லை. "பேர் எழுதிட்டீங்கள்ல அண்ணே?" என்று வாசலில் கேட்டார். "எழுதிட்டேன் சார்" என்றேன். அவர் மனைவி பட்டுப்புடவை கட்டியிருந்தார். என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

போதகர் பேர்களை வாசித்தார். ஒவ்வொரு வீடாகப் போய் வந்தது. கடைசிப் பேரும் முடிந்தது. எட்வின் சார் பொறுத்துப் பார்த்தார். ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று எண்ணி மனைவியோடு எழுந்தார். அந்தம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். இருவரும் நடுவழியாக நடந்து பீடத்தண்டை வந்து முழங்கால் போடப் போனார்கள்.

போதகர் நோட்டைப் பார்த்தார். திரும்பி, பீடத்தின் பக்கத்தில் நின்றிருந்த என்னைக் கேட்டார்: "மோசஸ், எட்வின் சாரோட லெட்டர் வந்துச்சா?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அந்த அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்! 'வந்துச்சுங்கய்யா, மறந்துட்டேன்' என்று ஒரு வார்த்தை... என் மானம்கூடப் போயிருக்காது!

"இல்லைங்கய்யா. வரல" என்றேன். சத்தமாகச் சொன்னேன்.

எட்வின் சார் என்னைப் பார்த்தார். கோபமில்லை, கிரேஸ். குழப்பம். கையை நீட்டி மூடிய கதவில் இடித்துக்கொண்டவர் மாதிரி ஒரு குழப்பம். போதகர், "அடுத்த மாசம் பார்த்துக்கலாம் சார்" என்றார். அவர் நல்லவர், ஆனால் முறையை மீறாதவர். அவர்கள் இருவரும் திரும்பி நடந்தார்கள். பீடத்திலிருந்து அவர்கள் இடத்துக்குப் பன்னிரண்டு எட்டு. நான் பிற்பாடு தனியாக இருந்தபோது நடந்து எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

வெளியே வந்து, "அண்ணே, உங்க கையிலதானே குடுத்தேன்... பழுப்புக் கவர்..." என்றார்.

"எனக்கு ஞாபகம் இல்லையே சார்."

"அப்படியா..." என்றார். ஸ்கூட்டரை இரண்டு மூன்று முறை உதைத்தார். அன்று அது கிளம்ப மாட்டேன் என்றது. பின்னால் அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முப்பது வீடும் டீயைக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தது.

பேச்சு அன்று மாலையே கிளம்பியது. "அவங்க ஊர்ல கடுதாசி குடுக்க மாட்டேன்னுட்டாங்களாமே! இன்னா பண்ணிட்டு வந்தாரோ?" என்று செல்லம்மா அக்கா கடைக்கே வந்து கேட்டாள். நான் தராசைப் பார்த்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டேன். வாயால் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க முடியாது! ஒரு வாரத்தில் அந்தப் பெருமூச்சு கடன், குடி, இன்னொரு குடும்பம் என்று வளர்ந்து மார்க்கெட்டில் அந்தம்மாவின் காதுக்கே போய்ச் சேர்ந்தது.

அவர்கள் மறுபடி வரவில்லை. மே மாதம் போதகருக்கு மாற்றல் வந்தது. ஜூனில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கடிதத்தை நான்காகக் கிழித்து, அந்தத் துண்டுகளில் கடைக்கு வந்தவருக்கு இரண்டங்குல ஆணி கட்டிக் கொடுத்தேன்.

"எட்வின் அங்கிள் ஏம்பா வர்றதில்ல?" என்று நீ கேட்டாய், கிரேஸ். "நம்ம கோயில் அவருக்குப் புடிக்கலையாம்" என்றேன். நீ அழுதாய். பாட்டில் இன்னும் ஒரு சரணம் பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லித் தருவதாகச் சொன்னாரே என்று அழுதாய். "சின்னக் கோயிலு, அவங்கல்லாம் பெரிய எடம்" என்று வேறு சொன்னேன். அதற்குப் பிறகு நீ ரொம்ப நாள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாய். நான் தடுக்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் பாவ அறிக்கை சொல்கிறேன். எல்லோரோடும் சேர்ந்து, சத்தமாக. எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லும்போது யாருடையது எது என்று யாருக்குத் தெரியும்? பந்தியையும் ஒரு மாதம்கூட விட்டதில்லை. விட்டால் ஏன் என்று கேட்பார்களே!

இரண்டு வருடத்துக்கு முன்னால் உனக்குக் கல்லூரி விண்ணப்பம் வாங்கச் செங்கல்பட்டு போனேன் அல்லவா? பஸ் ஸ்டாண்டில் யாரோ தோளைத் தொட்டார்கள்.

"மோசஸ் அண்ணே! என்னைத் தெரியலையா?"

தலை முழுக்க நரைத்திருந்தது. மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை என்றார். என்னை இழுத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தார். எந்தச் சபைக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"போறேன்ணே, கடைசி பெஞ்சு. பந்தி ஆரம்பிச்சா வெளிய போய் நின்னுக்குவேன். இங்கல்லாம் பேர் வாசிக்கிறதில்ல, யார் வேணா போகலாம். எனக்குத்தான் கால் எழும்ப மாட்டேங்குது. பாடறதையும் விட்டாச்சு. வீட்ல அவ மட்டும் போவா, வந்து அழுவா." பிறகு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு கேக்கணும்ணே. அந்தக் கவரை உங்ககிட்டதான் குடுத்தேன்னு நான் ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். மனசுக்குள்ள உங்களைத் திட்டிக்கூட இருக்கேன். வேற எங்கயோ தொலைச்சிட்டு உங்களைப் போய் சந்தேகப்பட்டிருக்கேன் பாருங்க. மன்னிச்சிடுங்கண்ணே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவால்ல விடுங்க சார்" என்றேன்.

நான் அவரை மன்னித்தேன்! பிள்ளைகளே, நான்... அவரை!

இன்னும் இருக்கிறது. அவர் பாடுவதில்லை என்று சொன்னபோது எனக்குள் என்ன நடந்தது என்று நேர்மையாகச் சொல்கிறேன். துக்கம் பிறகுதான் வந்தது. அதற்கு முந்தி, ஒரே ஒரு நொடி, ஏதோ ஒன்று காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தது. நிம்மதி! என்னை நானே காறித் துப்பவேண்டிய அந்த நிம்மதி...

"பாப்பா பாடுதா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"இல்ல சார், எப்பவோ விட்டுடுச்சு" என்றேன். முந்தின ஞாயிறுதான், கிரேஸ், நீ முன்படியில் நின்று அவர் சொல்லித் தந்த பாட்டைப் பாடியிருந்தாய். வெளியூரிலிருந்து வந்தவர்கள், யாரிடம் கற்றாய் என்று உன்னைக் கேட்டார்கள்.

விலாசம் சொன்னார். மறைமலைநகர் ஸ்டேஷனுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டின தெரு, பச்சைக் கதவு வீடு. "குடும்பத்தோட வாங்கண்ணே" என்றார். செங்கல்பட்டு பஸ் தினமும் காலையில் கடைக்கு எதிரில்தான் நிற்கிறது. இரண்டு வருடமாக நிற்கிறது. கண்டக்டர் குரல் கொடுக்கிறான், நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

இதைப் படித்ததும் நீ போவாய் என்று எனக்குத் தெரியும், கிரேஸ். எனக்கு முந்தி நீ போய்விடுவாய். அவர் உன்னைப் பாடச் சொல்வார். நீ பாடுவாய், மீதிச் சரணத்தை அவர் சொல்லித் தருவார். நீ மறுபடி வாயைத் திறந்துகொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நிற்பாய்...

இத்தனையும் எழுதிய பிறகும், அதை நினைத்தால் எனக்கு எரிகிறது.